முன்னால் தமிழ், பின்னால் வேதம்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாள் புறப்பாடு பார்க்கப் போகிறவர்கள் பெருமாளைத்தான் பார்ப்பார்கள். குடை, சாமரம், மாலை, கற்பூர வெளிச்சம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, கண் வேறு எங்கே போகும்? ஆனால் ஒரு தடவையாவது அவரை விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் யார் போகிறார்கள், பின்னால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். முன்னால் ஒரு கோஷ்டி ஆழ்வார் பாசுரங்களைச் சேவித்துக்கொண்டே நடக்கிறது. நடுவில் பெருமாள். பின்னால் வேத பாராயண கோஷ்டி. இந்த வரிசை மாறாது.

இதை நான் கவனிக்க ஆரம்பித்ததே அக்கா பையனால்தான். எட்டாம் வகுப்பு. ஸ்கூல் புராஜெக்டுக்காக ஒரு சார்ட்டில் கட்டம் போட்டுக்கொண்டு வந்தான். இடது பக்கம் மதங்களின் பெயர். மேலே நான்கு தலைப்பு: கடவுள், புனித நூல், நிறுவியவர், வழிபாட்டு இடம். மற்ற வரிசைகளை எல்லாம் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டான். இந்து என்ற வரிசையில் 'கோயில்' என்று ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு, "மாமா, நம்ம புக் எது?" என்றான்.

"பகவத் கீதைன்னு போட்டுக்கோடா" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் பாட்டி, அதாவது என் அம்மா, கீதையை ஒரு நாளும் திறந்து பார்த்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது கந்த சஷ்டி கவசமும், மார்கழியில் திருப்பாவையும், ஆடி வெள்ளியில் கூழும். அவரை எந்தக் கட்டத்தில் வைப்பது?

அப்புறம்தான் அந்தப் புறப்பாட்டு வரிசை ஞாபகத்துக்கு வந்தது. இந்து சமயத்தில் ஒரு நூல் 'என்ன சொல்கிறது' என்று கேட்பதற்கு முன்னால், 'எங்கே நிற்கிறது, என்ன வேலை செய்கிறது' என்று கேட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் இடமும் ஒரு வேலையும் உண்டு. வேதம் ஓதுவதற்கு. ஆகமம் செய்வதற்கு. தேவாரமும் பிரபந்தமும் பாடுவதற்கு. புராணம் கதை கேட்பதற்கு. இதில் எதையும் கையில் புத்தகமாக வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் பக்தருக்கு இருந்ததில்லை.

பின்னால் வருகிற வேதத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ரிக், யஜுர், சாமம், அதர்வணம் என்று நான்கு. ரிக் வேதத்தில் மட்டும் பத்து மண்டலங்கள், 1028 சூக்தங்கள். அது கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடையில் உருவானது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. மரபுக்காரர்கள் யாரும் இயற்றவே இல்லை, ரிஷிகள் கேட்டார்கள், அவ்வளவுதான் என்பார்கள். அதனால்தான் அதற்குச் சுருதி, கேட்கப்பட்டது, என்று பெயர். இதிகாசம், புராணம், தர்ம சாத்திரம் எல்லாம் ஸ்மிருதி, நினைவில் வைத்தது. சார்ட்டில் 'நிறுவியவர்' என்ற கட்டம் காலியாகவே கிடக்கக் காரணம் இதுதான். 'நிர்வகிப்பவர்' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் இந்து சமய அறநிலையத் துறை, நுங்கம்பாக்கம் என்று எழுதியிருக்கலாம்.

தமிழில் வேதத்துக்கு ஒரு அழகான பழைய பெயர் உண்டு. குறுந்தொகையின் 156-ஆம் பாட்டில் காதலில் வாடும் ஒருவன் தன் பார்ப்பனத் தோழனைப் பார்த்து, உன்னுடைய 'எழுதாக் கற்பில்' பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கிற மருந்து ஏதாவது உண்டா என்று கேட்கிறான். எழுதாமல் கற்பது. கேலியும் ஏக்கமுமாக ஒரு கேள்வி. அதற்குள் வேதத்தின் இலக்கணம் வந்துவிட்டது பாருங்கள்.

எழுதாமல் மூவாயிரம் வருஷம் பிழையில்லாமல் எப்படிக் கொண்டுவந்தார்கள்? அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. நேராகச் சொல்வது சம்ஹிதை. சொல் சொல்லாகப் பிரித்துச் சொல்வது பதம். அதற்கு மேல் கிரமம், ஜடை, கனம் என்று படிகள். கனத்தைத் தமிழில் செய்து பார்த்தால் சட்டென்று புரியும். 'மாடு மேய்ந்து வந்தது' என்று ஒரு வாக்கியம். கனபாடமாகச் சொன்னால் இப்படி வரும்: மாடு மேய்ந்து, மேய்ந்து மாடு, மாடு மேய்ந்து வந்தது, வந்தது மேய்ந்து மாடு, மாடு மேய்ந்து வந்தது. அடுத்து 'மேய்ந்து' என்ற சொல்லிலிருந்து மறுபடி இதே சுற்று. ஒரு சொல் விழுந்தாலோ இடம் மாறினாலோ அடுத்த நொடியே நாக்கு இடறிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த அளவுக்குப் படித்தவரைத்தான் கனபாடிகள் என்கிறார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் இப்போதும் வீட்டு வாசல் பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். வேதம் ஓதும் இந்த மரபை யுனெஸ்கோ 2003-இல் மனித குலத்தின் வாய்மொழிப் பாரம்பரியமாக அறிவித்தது.

வேதத்தின் கடைசிப் பகுதிதான் உபநிடதங்கள். அங்கே சடங்கு பின்னுக்குப் போய்க் கேள்வி முன்னுக்கு வருகிறது. பிருகதாரண்யக உபநிடதத்தில் ஓர் உரையாடல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாகல்யர் யாக்ஞவல்கியரைக் கேட்கிறார், தேவர்கள் எத்தனை பேர்? 3306 என்று பதில். சரி, உண்மையில் எத்தனை? 33. உண்மையில்? 6. மறுபடி கேட்கக் கேட்க 3, 2, அப்புறம் ஒன்றரை, கடைசியில் 1. அந்த ஒன்றரையைப் படிக்கும்போதெல்லாம் யாக்ஞவல்கியர் உள்ளுக்குள் சிரித்திருப்பார் என்று தோன்றும். ஒரு கடவுளா, பல கடவுளா என்று இன்றைக்கும் டீக்கடையில் நடக்கிற வாதத்தை அவர் அப்போதே இரண்டு பக்கமும் ஜெயிக்க விட்டுவிட்டார்.

அதில் வருகிற 33-ஐ நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் 'முப்பத்து மூவர் அமரர்க்கு முன்சென்று' என்று ஆண்டாள் பாட்டு வரும், திருப்பாவையின் 20-ஆம் பாசுரம். வசுக்கள் 8, ருத்திரர் 11, ஆதித்தியர் 12, கூட இரண்டு பேர். முப்பத்து முக்கோடி என்று நாம் பெருக்கிக்கொண்டது பிற்பாடு.

கீதைக்கு வருவோம். திருவல்லிக்கேணியில் நிற்பவர்தானே அதைச் சொன்னவர்? மூலவர் வேங்கடகிருஷ்ணன் முறுக்கு மீசையோடு, பக்கத்தில் ருக்மிணி, பலராமர், சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன் என்று குடும்பத்தோடு நிற்கிறார். பெருமாளுக்கு மீசை அபூர்வம். கையில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொன்ன வாக்கு. உற்சவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் சின்னச் சின்ன வடுக்கள் தெரியும். அர்ஜுனனுக்குத் தேரோட்டியபோது பீஷ்மர் விட்ட அம்புகள் பட்ட இடம் என்பார்கள். ஒரு தெய்வத்துக்குக் காயத்தழும்போடு சிலை செய்து, அதையே அழகு என்று கும்பிடுகிற மனசை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

மகாபாரதத்தின் பீஷ்ம பர்வத்தில் 18 அத்தியாயம், 700 சுலோகமாக இருக்கிறது கீதை. உபநிடதம், பிரம்ம சூத்திரம், கீதை என்ற மூன்றையும் சேர்த்துப் பிரஸ்தான திரயம் என்பார்கள். சங்கரரும் ராமாநுஜரும் மத்வரும் இந்த மூன்றை வைத்துத்தான் தங்கள் தத்துவத்தைக் கட்டினார்கள். பண்டிதர் உலகில் கீதைக்கு எப்போதும் பெரிய இடம். ஆனால் 'இந்துக்களின் புனித நூல்' என்ற ஒற்றை நாற்காலியில் அது உட்கார்ந்தது பிரிட்டிஷ் காலத்தில்தான். 1785-இல் சார்லஸ் வில்கின்ஸ் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பைபிளுக்கு எதிரே வைத்துக் காட்ட ஒரு நூல் தேவைப்பட்டது. சின்னதாகவும் ஆழமாகவும் இது இருந்தது. 'இந்து' என்ற சொல்லே சிந்து நதியின் பெயரைப் பாரசீகர்கள் உச்சரித்த விதம்தான். நம் பழைய நூல்களில் சைவம் இருக்கும், வைணவம் இருக்கும், இந்தச் சொல் இருக்காது. கீதையை ஒற்றைப் புனித நூலாக்கும் மீதி வேலையைச் சினிமா கோர்ட் காட்சிகள் செய்து முடித்தன.

வேடிக்கை என்னவென்றால், கீதை சொன்னவருடைய கோயிலிலேயே அன்றாடம் அவர் முன்னால் கோஷ்டியாகச் சேவிக்கப்படுவது கீதை இல்லை, நாலாயிர திவ்யப் பிரபந்தம். பன்னிரண்டு ஆழ்வார்கள் பாடியதை நாதமுனிகள் தொகுத்தது.

ஏன் தமிழ் முன்னால்? பெருமாள் தமிழுக்குப் பின்னால் போகிறார், வேதம் அவரைத் தேடிக்கொண்டு பின்னால் வருகிறது என்று வைணவப் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர், அவர் சைவர், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் திருமாலைப் பற்றி எழுதும்போது 'பழமறைகள் முறையிடப் பைந்தமிழ்ப் பின்சென்ற பச்சைப் பசுங்கொண்டலே' என்றார். மறைகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, இவர் தமிழ் பின்னால் போய்விட்டாராம்.

இதில் எனக்கு இன்னொரு காரணமும் படுகிறது. வேதத்தில் திருவல்லிக்கேணி இல்லை, மயிலாப்பூர் இல்லை. இந்திரன், அக்னி, வருணன் யாருக்கும் தெரு, ஊர், விலாசம் கிடையாது. சாமிக்கு விலாசம் கொடுத்தது தமிழ்ப் பாட்டு. பேயாழ்வார் மயிலாப்பூரில் ஒரு கிணற்றில் செவ்வல்லிப் பூவில் பிறந்தவர் என்பது ஐதிகம். அவர் பாடுகிறார், 'வந்துதைத்த வெண்திரைகள் செம்பவள வெண்முத்தம் அந்தி விளக்கும் அணிவிளக்காம்' என்று. அலை அடித்துக் கொண்டுவந்து போட்ட பவளமும் முத்தும்தான் அந்தி விளக்காம் திருவல்லிக்கேணிக்கு. மயிலைக்கு வந்த சம்பந்தர் 'ஊர்திரை வேலை உலாவும் உயர்மயிலை' என்கிறார். இருவர் பாட்டிலும் மெரினாவின் அலைச்சத்தம் கேட்கிறது. அப்படிப் பாடப்பட்ட ஊர்தான் 'பாடல் பெற்ற தலம்', 'திவ்ய தேசம்'. திவ்ய தேசம் 108-இல் பாற்கடலும் பரமபதமும் பூமியில் இல்லாதவை. மீதி எல்லாவற்றுக்கும் பஸ் உண்டு. சென்னைக்காரர்களுக்குத் திருவான்மியூர், திருவொற்றியூர், பாடியில் இருக்கும் திருவலிதாயம், திருநீர்மலை எல்லாம் ஒரு நாள் சுற்றுதான்.

முன்னால் தமிழ், பின்னால் வேதம். சரி, நடுவில் இருக்கிற சாமி எந்த நூலின்படி அங்கே இருக்கிறார்? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பதில், ஆகமம். வேதத்தின் மையம் வேள்வித் தீ. கருவறை எத்தனை அடி, சிலை எந்த முகம், எப்போது அபிஷேகம், எந்தத் திருவிழாவில் எந்த வாகனம், யார் எதைத் தொடலாம் என்பதெல்லாம் ஆகமத்தின் பாடு. சைவத்தில் காமிகம், காரணம் முதலாக 28. வைணவத்தில் வைகானசம், பாஞ்சராத்திரம் என்று இரண்டு வழி, திருவல்லிக்கேணி வைகானசம். படிக்காதவர்கள் மட்டுமில்லை, நன்றாகப் படித்தவர்கள்கூட ஆகமப் பெயர் ஒன்றைச் சொல்லத் திணறுவார்கள். ஆனால் கோயிலுக்குள் கால் வைத்த நிமிஷத்திலிருந்து நாம் அதற்குள்தான் நடக்கிறோம். வேதமும் ஆகமமும் இரண்டுமே இறைவன் சொன்ன நூல்தான், ஒன்று பொது, இன்னொன்று சிறப்பு என்கிறார் திருமூலர்.

'கல்லைப் போய்க் கும்பிடுகிறீர்களே' என்ற பழைய கேள்விக்கு ஆகமம் வாதத்தில் பதில் சொல்வதில்லை, வேலையில் சொல்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பாலாலயம் என்று ஒன்று செய்வார்கள், கவனித்திருப்பீர்கள். திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சக்தியை மந்திரத்தால் ஒரு கும்பத்து நீருக்கு வரவழைத்து, அங்கிருந்து மரப்பலகையில் எழுதிய படத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். அதற்கப்புறம் பூஜை எல்லாம் அந்தப் படத்துக்குத்தான். கருவறைக்குள் ஸ்தபதி போகலாம், சாரம் கட்டலாம். அந்த நாட்களில் உள்ளே இருப்பது வெறும் கல். வேலை முடிந்ததும் சிலையின் அடியில் அஷ்டபந்தனம் சாத்துவார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் சேர்த்து இடித்த மருந்து அது. இடிக்க இடிக்க உலக்கையில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு யாகசாலைக் கும்பத்து நீர் கோபுரக் கலசத்துக்கும் மூலவருக்கும் போகும், தெய்வம் திரும்ப வரும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கல் வேறு தெய்வம் வேறு என்பதை ஊரறிய நடத்திக் காட்டுகிறார்கள். நாம் அன்னதான வரிசையில் நின்றுகொண்டு அதைத் தவறவிடுகிறோம்.

ஏன் இத்தனை உருவம் என்பதற்கும் மரபில் பதில் உண்டு. சைவத்தில் இறைவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்று நிலை. லிங்கம் அருவுருவம்: பார்க்க முடிகிறது, ஆனால் முகம், கை, கால் கிடையாது. வைணவத்தில் ஐந்து நிலை. இதைப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் விளக்குகிற விதம் சென்னைக்காரனுக்கென்றே எழுதியது போல இருக்கும். தாகத்தில் தவிப்பவனுக்கு எந்தத் தண்ணீர் உதவும் என்று பார்க்கிறார். எல்லா உயிருக்குள்ளும் இருக்கும் அந்தர்யாமி, பூமிக்கு அடியில் ஓடும் நீர். வைகுண்டத்தில் இருக்கும் பரநிலை, அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர். பாற்கடலில் பள்ளிகொண்டிருக்கும் வியூக நிலை, அந்தப் பாற்கடல். ராமன், கிருஷ்ணன் போன்ற அவதாரங்கள், பெருக்கெடுத்து ஓடிப்போன ஆறு. கோயிலில் இருக்கும் அர்ச்சை வடிவம், அந்த ஆறு வடிந்த பிறகு மடுவில் தேங்கிய நீர். குனிந்து இரண்டு கையால் அள்ளிக் குடித்துக்கொள்ளலாம். 2019 கோடையில் போர்வெல் வற்றி, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற யாருக்கும் இதற்கு மேல் உரை தேவைப்படாது.

காலத்தைப் பற்றி இந்து சமயம் என்ன நினைக்கிறது என்பதைப் புத்தகத்தில் தேட வேண்டாம். யாராவது புது ஃபிளாட் வாங்கிக் கணபதி ஹோமம் பண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து சங்கல்பத்தை, அதாவது எங்கே, எப்போது, யார் இதைச் செய்கிறார் என்று தொடக்கத்தில் சொல்வதை, கேட்டால் போதும். மேடவாக்கத்தில் நாலாவது மாடி, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை, புகைக்கு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது. சாஸ்திரிகள் ஆரம்பிக்கிறார்: பிரம்மாவின் ஆயுளில் இரண்டாவது பாதி, சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், 28-ஆவது கலியுகம், அதில் முதல் பாதம், ஜம்பூத்வீபம், பாரத வருஷம், பரத கண்டம், மேருவுக்குத் தெற்கே. அப்புறம் வருஷம், அயனம், மாதம், பட்சம், திதி, நட்சத்திரம். கடைசியில் வீட்டுக்காரர் பெயர். கலியுகம் 4,32,000 வருஷம். நான்கு யுகமும் சேர்ந்தால் 43,20,000. இவ்வளவு பெரிய விலாசத்தின் கடைசி வரி, இருபது வருஷம் வீட்டுக் கடன் கட்டப்போகிற ஒருத்தர்.

இந்த நூல்கள் எதற்குள்ளும் அடங்காத தெய்வங்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லாமல் விட்டால் பாதி சென்னை கோபித்துக்கொள்ளும். கபாலி கோயிலிலிருந்து பொடிநடையாகப் போனால் முண்டகக்கண்ணி அம்மன். சுயம்புக் கல், கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான். ஆடி மாதம் அந்தத் தெருவில் பொங்கல் பானை வைக்க இடம் கிடைக்காது. வேப்பிலை, மஞ்சள், கூழ். அவளுக்கு உபநிடதம் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. அம்மை போட்ட வீட்டுக்கு அவள் வந்திருக்கிறாள் என்று மட்டும் தெரியும். பெரிய கோயில்காரர்களும் அவளை மதித்துத்தான் ஆக வேண்டும். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா தொடங்குமுன் முதல் பூஜை கிராம தேவதை கோலவிழி அம்மனுக்குத்தான். புராணங்கள் இப்படிப்பட்ட அம்மன்களைப் பார்வதியின் வடிவம் என்று பின்னால் சொந்தம் கொண்டாடின. யார் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கருமம், அதாவது வினை, என்ற கருத்தைத் தத்துவமாகச் சொன்னால் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று போகும். குதிரில் கிடக்கும் நெல், உலையில் போட்டாகிவிட்ட அரிசி, இப்போது விதைத்துக்கொண்டிருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். உலையில் போட்டதை வேகவைத்துத் தின்றே தீர வேண்டும். ஆனால் இதைத் திருவொற்றியூர்க் கதையாகச் சொன்னால்தான் உறைக்கும். சுந்தரர் சிவனுக்கே தோழர். அந்தக் கோயிலில் பூக்கட்டும் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தது. சந்நிதியில் சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று, சிவனிடம் அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். சிவன் சரி என்றார். நேரே சங்கிலியார் பக்கம் போய், அவனை மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டார். சுந்தரர் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று.

தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். 'உளோம், போகீர்' என்று உள்ளிருந்து பதில். இருக்கிறோம், நீர் போம். எந்த அலுவலகக் கவுன்டரிலும் நாம் கேட்டிருக்கிற குரல். கையில் ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் மற்றொன்று. கடவுளின் நண்பனுக்கும் வினையில் தள்ளுபடி கிடையாது. அதே சமயம் நட்பும் முறியவில்லை. அந்தத் திருவெண்பாக்கம் பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. ஏரி கட்டியபோது கோயிலை மேட்டுக்கு மாற்றினார்கள். நம் வீட்டுக் குழாயில் வருவதில் அந்தத் தலத்து நீரும் உண்டு.

உயிருக்கும் இறைவனுக்கும் என்ன உறவு என்பதில் பெரியவர்கள் ஒத்துப்போனதே இல்லை. இரண்டும் ஒன்றே என்றார் சங்கரர். உயிர் இறைவனின் உடல், பிரிக்க முடியாது, ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடாது என்றார் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர். வேறு வேறுதான் என்றார் மத்வர். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றுமே என்றும் உள்ளவை, பாசக்கட்டை அறுப்பதே வீடு என்றது சைவ சித்தாந்தம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அதைச் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் அடக்கினார்.

சண்டை போடுகிறவர்களும் மரபுக்குள்ளேயே இருக்கிறார்கள். சின்ன வயதில் கந்தகோட்டத்து முருகனை உருகிப் பாடிய வள்ளலாரே பின்னால் 'வேதாகமங்களென்று வீண்வாதம் ஆடுகின்றீர்' என்றார். நட்ட கல் பேசுமா என்று சிவவாக்கியர் கேட்டார். இவர்களையும் அந்தச் சார்ட்டில் சேர்க்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவராக நந்தனாரைத் தோளில் சுமந்து வீதி வந்தவர்கள், அவர் குலத்தாரைக் கோயில் வாசலுக்குள் விடவில்லை. அதற்கு 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. எந்த நூல் அப்படிச் சொன்னது என்று தேடுவதைவிட, எந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் செய்தார்கள் என்று கேட்பது நேர்மை.

சார்ட்டைக் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. பங்குனி மாதம் வேறு. "இதை வீட்ல உக்காந்து எழுத முடியாதுடா, வா" என்று அறுபத்துமூவர் அன்றைக்கு மயிலாப்பூர் கூட்டிக்கொண்டு போனேன். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிய அடியார்கள் அத்தனை பேரும் சின்னச் சின்னச் சப்பரங்களில், கைகூப்பிக் கபாலியைப் பார்த்தபடி வருகிறார்கள். அதில் வாயிலார் என்று ஒருவர், மயிலாப்பூர்க்காரர். அவர் கோயில் கட்டவில்லை, பாடவில்லை. மறவாமையால் மனதுக்குள் ஒரு கோயில் அமைத்து, உணர்வையே விளக்காக ஏற்றி, ஆனந்தத்தால் திருமஞ்சனம் ஆட்டி, அன்பை அமுதாகப் படைத்தார் என்கிறார் சேக்கிழார். வெளியே ஒன்றும் தெரியாது. ஒன்றுமே தேவைப்படாத அந்த மனுஷரை மாலை போட்டு, லட்சம் பேர் நடுவில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"அப்போ இவர் என்ன புக் படிச்சார்?" என்றான்.

"அதையேதான் நானும் யோசிக்கிறேன்" என்றேன்.

அன்று காலையில்தான் பூம்பாவைக்கு உயிர் கொடுத்த ஐதிகம் குளக்கரையில் நடந்திருந்தது. பாம்பு கடித்து இறந்துபோன சிவநேசர் மகளின் அஸ்தியை வைத்துக்கொண்டு சம்பந்தர் பாடிய பதிகம் அது. மோட்சம், மறுபிறப்பு பற்றி அதில் உபதேசம் எதுவும் கிடையாது. ஐப்பசி ஓணம் பார்க்காமலா போகிறாய், கார்த்திகை விளக்கு பார்க்காமலா, தைப்பூசம் பார்க்காமலா, பங்குனி உத்திரம் பார்க்காமலா போகிறாய் என்று மயிலாப்பூர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுகிறார். முதல் பாட்டில் அவர் சொல்வது விழாகூட இல்லை. 'அட்டிட்டல்', அடியாருக்குச் சமைத்துப் போடுவது. அதைப் பார்க்காமல் போய்விடுவாயா பூம்பாவாய்?

இதை அவனுக்குச் சொல்லிக்கொண்டே தெற்கு மாட வீதி முனைக்கு வந்தோம். யாரோ ஒரு வீட்டு வாசலில் அண்டா வைத்துப் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்தித் தொன்னையில் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் இரண்டு தொன்னை வாங்கிவிட்டான். சார்ட்டில் 'புனித நூல்' கட்டத்தில் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. கட்டம் பத்தவில்லை என்று பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியதாக அக்கா சொன்னாள்.